இடம் காணலை

நம்பி செத்துட்டான் என்று அவள் சொன்னதும் அவர் முகத்தில் உடனே ஒன்றும் நடக்காது, கஞ்சி குடித்த ஈரம் காயாத உதட்டோடு அவளையே பார்த்துக்கொண்டிருப்பார், எந்த நம்பி என்று கேட்பார், நம்ம பிள்ள, ஒங்க மகன், ஆறு வயசு என்று அவள் ஒவ்வொன்றாக எடுத்துவைப்பாள், எப்போ என்பார், இப்பத்தான் என்பாள், அப்புறம்தான் அது தொடங்கும், முதலில் தாடை, பிறகு கழுத்து நரம்புகள், பிறகு போர்வைக்குள் ஒடுங்கியிருக்கும் தோள்கள், கடைசியாக எங்கோ அடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதுபோல ஒரு சத்தம், அது அழுகைதான் என்று தெரிய அக்கம்பக்கத்தாருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், சங்கரவடிவு கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அதைப் பார்ப்பாள், கண்ணைத் துடைத்துவிட மாட்டாள், தண்ணீர் கொடுக்க மாட்டாள், முழுவதும் வந்து முடியட்டும் என்று காத்திருப்பாள், மத்தியானச் சோற்றுக்குள் அவர் எல்லாவற்றையும் மறந்திருப்பார், ரசம் நல்லா இருக்கே என்பார், மறுநாள் காலையில் கஞ்சி குடித்து முடித்ததும் அவள் மறுபடியும் சொல்வாள், நம்பி செத்துட்டான்.

இப்படி அழுகிற இந்தக் கிழவர்தான் ஒரு காலத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த அத்தனை பேரையும் அழவைத்தவர், திருமலைக்கொழுந்து என்ற பெயரைப் பார்த்தால் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காமலே வாங்குகிறவர்கள் இருந்தார்கள், சரித்திரத்தை நடந்தபடியே கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறவர் என்று பெயர். ஆரம்பத்தில் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார், வகுப்பில் ராஜாக்களின் ஆண்டுகளைச் சொல்லமாட்டார், போருக்குப் புறப்படுகிற அன்று காலையில் ராஜாவுக்கு வயிறு சரியில்லை என்று தொடங்குவார், மணி அடித்த பிறகும் பையன்கள் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள், கல்யாணமான புதிதில் குற்றாலம் போகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு பாளையக்காரரைத் தூக்கிலிட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார், அந்த மனிதர் ஆலங்குளத்தில் இறங்கவேண்டியவர், கதை முடியவில்லை என்று தென்காசி வரைக்கும் வந்து, இறங்கி நின்று அவரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போக வேறு பஸ்ஸைத் தேடினார், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வடிவு இதையெல்லாம் பார்த்தாள், இவ்வளவு பேச்சும் இனி என் வீட்டில்தானே இருக்கப்போகிறது என்று நினைத்தாள், அந்த நினைப்பில் அன்று அவளுக்கு அருவிச் சத்தம்கூடக் காதில் விழவில்லை.

அவர் எழுதிய முதல் பெரிய தொடரின் பெயர் கருங்குன்றம் எரிந்தது, சென்னை வாரப் பத்திரிகை ஒன்றில் வந்தது, மலையடிவாரத்து ஒரு சின்னப் பாளையத்தைக் கும்பினிப் படை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டுப் பிடித்த கதை, கதை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், நான் கதை எழுதலை, நடந்ததைச் சொல்லுதேன் என்பார், கும்பினிக்காரர்களின் கடிதங்களைப் படித்திருந்தார், அந்த மலைக்கு ஏறி இடிந்த மதிலைத் தடவிப் பார்த்துவிட்டு வந்திருந்தார், எழுதியதைத் தபாலில் போடுவதற்கு முன்னால் வடிவுக்கு வாசித்துக் காட்டுவார், அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள், இந்த ராணி இப்படிப் பேசமாட்டா, கோவம் வந்தா பொம்பளைக்குப் பேச்சே வராதுங்க என்பாள், அவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு ராணியைப் பேசாமல் நிற்க வைப்பார், பத்திரிகை வந்த அன்று சலூனில் ஒருவர் சத்தமாக வாசிக்கப் பாதி முகம் சவரம் செய்தவர்கூடத் திரும்பிக் கேட்பார், ராணி பேசாமல் நின்ற இடத்தில் கடையே பேசாமல் இருந்தது என்று அவர் வீட்டுக்கு வந்து வடிவிடம் சொல்லுவார், அவள் முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டு சிரிப்பாள்.

தொடரில் முற்றுகை பாதியில் நின்றுவிட்டது, கோட்டைக்குள் அரிசி தீர்ந்தது, குதிரைகளை அறுத்துத் தின்றார்கள், அதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, பத்திரிகை ஆசிரியர் சென்னையிலிருந்து டிரங்க் கால் போட்டார், பள்ளிக்கூடத்து போனில் கூப்பிட்டுப் பேசினார், வாசகர்கள் கொஞ்சம் சலிப்பதாகத் தெரிகிறது, கோட்டைக்குள்ளே ஏதாவது நடக்கவேண்டும் சார் என்றார், அவர் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில்தான் நம்பிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தார்கள், கஷாயம் கொடுத்தார்கள், கழுத்தைக் குனிக்க முடியவில்லை என்று பிள்ளை சொன்ன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், மூளைக்காய்ச்சல், மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, பார்க்கலாம் என்றார் டாக்டர், ஒடுக்கமான இரும்புக் கட்டில், பச்சை வண்ணம் அடித்தது, அதில் பிள்ளையும் அவளும், வடிவு ராவும் பகலுமாக விழித்திருந்தாள், ஈரத்துணி காயக் காய நனைத்துப் போட்டாள், அவர் வருவார், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், போவார், வாரம் தவறாமல் போகவேண்டிய அத்தியாயம் பாக்கி இருந்தது, அன்று மத்தியானம் எழுதியதை உறையில் போட்டு, ஜங்ஷனில் ரயில் தபாலில் சேர்த்துட்டு ஒரே ஓட்டமா வந்துருதேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிக் கட்டில் கால்மாட்டுக்கு வந்தது, அல்லது தலைமாட்டுக்கா, அது அவளுக்கு இப்போது நிச்சயமில்லை, பிள்ளையின் சூடு அவள் விலாவில் பட்டுக்கொண்டிருந்தது, கண் தானாகச் சொருகிற்று, யம்மா, தள்ளிப் படு, எனக்கு இடம் காணலை என்று நம்பி சொன்னான், அது கேட்டது, நன்றாகக் கேட்டது, அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்பதுதான் இப்போது தெரியவில்லை, விழித்தபோது வெள்ளுடுப்புப் போட்ட நர்ஸ் ஒருத்தி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் முகத்தைப் பார்த்ததும் வடிவுக்குத் தெரிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து, வந்த சனம் கலைந்த பிறகு ஒரு சாயங்காலம் அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அடுக்களை வாசல்படியில், அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஏளா வடிவு, நான் இல்லாமப் போயிட்டேன், கடைசியா என்ன சொன்னான், எங்கிட்டச் சொல்லு என்றார், அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள், சொல்லுளா, மனசுக்குள்ள வச்சிக்கிட்டே இருந்தா நீயும் போயிருவ என்றார், அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். எந்தக் கையால் அவளைத் தொட்டான் என்று கேட்டார், இடது கை என்றாள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டார், சொன்னாள், அவன் தள்ளிப் படுன்னு சொன்னதும் நீ என்ன செஞ்ச என்று கேட்டார், அதற்கும் ஏதோ சொன்னாள், சொல்லும்போது குரல் உடைந்து அவர் தோளில் விழுந்தாள், அவரும் அழுதார், அவள் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே அழுதார், அந்தச் சாயங்காலம் அவரைப் பிடித்ததுபோல அதற்கு முன்னும் பின்னும் அவளுக்கு அவரைப் பிடித்ததில்லை, பெற்றவர் இல்லையா, பார்க்கக் கொடுத்துவைக்காதவர், என் கண்ணாலாவது பார்க்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

அடுத்த அத்தியாயத்தை அவர் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை, துக்க வீட்டில் அதெல்லாம் எதற்கு என்று நினைத்திருப்பார் என்று அவளும் கேட்கவில்லை, பத்திரிகை வந்த அன்று பக்கத்து வீட்டு லோகநாயகி அதைக் கையில் பிடித்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே வந்தாள், யக்கா, இந்த வாரம் பாத்தியளா, அந்தப் பச்சப்பிள்ளைய இப்படியா கொல்லணும், ராணி கையிலேயே போயிட்டு என்றாள், சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள், வாயைப் பொத்திக்கொண்டாள், பத்திரிகையைத் தரையில் வைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டாள், வடிவு குனிந்து அதை எடுத்தாள், முற்றுகைக்குள் ராணியின் ஒரே மகன் காய்ச்சலில் கிடந்தான், ஈரத்துணி காய்ந்துகொண்டே இருந்தது, வெளிச்சம் ஜன்னலிலிருந்து இறங்கி வந்தது, இளவரசன் இடது கையால் தாயைத் தொட்டுச் சொன்னான், தாயே, சற்றுத் தள்ளிக்கொள், எனக்கு இடம் போதவில்லை. அதற்குமேல் அவள் படிக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து அவர் வந்ததும் பத்திரிகையைச் சோற்றுத் தட்டில் போட்டு முன்னால் வைத்தாள், என் பிள்ளைய வித்துட்டியளா என்று கேட்டாள், அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, விக்கலைளா, சாகவிடாம வச்சிருக்கேன், நீயும் நானும் போன பெறகும் அவன் இருப்பான், இன்னைக்கு இந்தத் தமிழ்நாட்டுல எத்தன வீட்டுல அவனுக்காக அழுதுக்கிட்டு இருக்காவ தெரியுமா என்றார், அவனுக்காகவா, அவன் பேருகூட அதுல இல்லையே என்றாள், பேரு எதுக்குளா என்றார், உண்மையாகவே புரியாமல் கேட்டார், அதுதான் அவளை அறைந்தது, பேரு எதுக்கு. அவள் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள், பத்திரிகையை அடுப்பில் போட்டாள், அன்றிலிருந்து அவர் எழுதியது எதையும் அவள் கேட்கவுமில்லை, அவர் வாசித்துக் காட்டவுமில்லை, அந்த அத்தியாயத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசியதே இல்லை, அதன் பிறகும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், சமைத்தாள், சாப்பிட்டார், மரகதம் பிறந்தாள்.

வாசகர் கடிதங்கள் சாக்கு மூட்டையில் வந்தன, பத்திரிகை ஆசிரியர் ரயிலேறி வந்து மாலை போட்டார், அவர் வாத்தியார் வேலையை விட்டார், புத்தகம் பதிப்புக்கு மேல் பதிப்பாகப் போயிற்று, மதுரையில் ஒரு பாராட்டு விழாவில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, ஐயா, நீங்கள் நடந்ததை மட்டுமே எழுதுவதாகச் சொல்கிறீர்கள், இளவரசன் சாகும்போது சொன்னதற்கு என்ன சான்று என்று கேட்டார், அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார், அவனுடைய தாய் சொல்லக் கேட்டேன் என்றார், கைதட்டல் அடங்குவதாக இல்லை, முன்வரிசையில் கைக்குழந்தையோடு வடிவு உட்கார்ந்திருந்தாள், பக்கத்திலிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன பதில் சொன்னார் பாத்தீங்களா என்று அவள் முழங்கையைத் தொட்டாள், ஆமா என்றாள் வடிவு.

பிறகு அந்த வரி அவர் கையை விட்டுப் போய்விட்டது, கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், தள்ளிக்கொள், எங்களுக்கு இடம் போதவில்லை என்று சுவரில் எழுதினார்கள், லாரியின் பின்னால் எழுதினார்கள், ரேடியோ நாடகத்தில் கனத்த குரலுள்ள ஒரு பெண் ராணியாக நடித்து விம்மினாள், பள்ளிப் பாடப்புத்தகத்தில் சேர்த்தார்கள், மரகதம் எட்டாம் வகுப்பில் கூடத்தில் நடந்துகொண்டே உரக்கப் படித்தாள், இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக, தாயே, சற்றுத் தள்ளிக்கொள், இடம், இவ்வரி கருங்குன்றம் எரிந்தது என்னும் நூலில் இடம்பெற்றுள்ளது, பொருள், இளவரசன் தன் நாட்டின் பரப்பு பறிபோனதைக் குறிப்பால் உணர்த்துகிறான். வடிவு அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், யம்மா நீ இதைப் படிச்சிருக்கியா, அப்பா எழுதினதுலயே இதுதான் பெஸ்ட்டுன்னு டீச்சர் சொல்லுதாவ என்று மகள் கேட்டாள், நீ படி என்றாள் வடிவு, மரகதத்துக்கு அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் கிடைத்தது, அண்ணன் ஒருவன் இருந்து செத்தான் என்று அவளுக்குத் தெரியும், கருங்குன்றத்துக்கும் அவனுக்கும் உள்ள சங்கதியை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வருஷம் ஏற ஏற வடிவுக்கு வேறொன்று நடந்தது, புத்தகத்தில் ராணி தள்ளிப் படுத்தாள், மகனை இழுத்துக் கைமேல் போட்டுக்கொண்டாள், அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டு, குறைந்து, நின்றது, அவள் படிக்காவிட்டாலும் ரேடியோவும் மேடையும் மகளின் பாடமும் அதை அவள் காதில் ஊற்றிக்கொண்டே இருந்தன, போகப் போக அவளுக்கும் அது நடந்தது, பச்சை இரும்புக் கட்டிலில் அவள் தள்ளிப் படுக்கிறாள், நம்பியின் தலை கைமேல் கனக்கிறது, கழுத்தில் சூடாக மூச்சுப் படுகிறது, கை மரத்துப்போய் விழித்துக்கொள்வாள், ஆனால் சில நாள் துணி உலர்த்தும்போதோ அரிசி களையும்போதோ இன்னொரு குரல் வரும், அவளுடைய குரல்தான், சும்மா கெடலே என்று அதட்டுகிற குரல், ஒரு கட்டில் சுவர்ப்பக்கம் கிரீச்சிடும், அவ்வளவுதான், அது நடந்ததா, இது நடந்ததா, நம்பியின் குரலேகூட இப்போது ரேடியோக்காரப் பையனின் குரலாகத்தான் கேட்கிறது, ஒரே ஒரு ஆளிடம்தான் அவள் நடந்ததை நடந்த சூட்டோடு சொல்லியிருக்கிறாள், கேட்டால் சொல்லிவிடுவார், ஆனால் கேட்பதென்றால் அந்த அத்தியாயத்தைப் பற்றி அவரிடம் பேசவேண்டும், பேசினால் அவர் ஜெயித்துவிடுவார், அதனால் கேட்காமலே இருந்தாள், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள், அதற்குள் அவருக்கு மறதி வந்துவிட்டது.

முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு மருமகன் பெயர், டாக்டர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார், ஐயா, ஒங்களுக்கு எத்தன பிள்ளைங்க என்று கேட்டார், ஒரு பொண்ணு, மரகதம் என்றார், வேற என்று கேட்டார் டாக்டர், வேற இல்ல என்றார், வடிவு பக்கத்தில்தான் நின்றாள். அடுத்த வாரம் திருச்சியிலிருந்து வந்த வாசகர் ஒருவர் கட்டிலருகே உட்கார்ந்து கருங்குன்றத்தின் அந்த அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கினார், இளவரசன் பேசுகிற இடம் வந்ததும் கேட்டுக்கொண்டிருந்த இவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் இறங்கிற்று, ஐயோ, அந்தப் பிள்ள, அந்தப் பிள்ள என்றார், மேலே வாசிக்க முடியாமல் வந்தவரும் அழுதார், அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார், மறுநாள் காலையில் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வடிவு முதல்முறையாகச் சொன்னாள், நம்பி செத்துட்டான்.

மரகதம் ஒரு காலையில் சீக்கிரமே வந்துவிட்டாள், வாசலில் நின்று முழுவதையும் பார்த்தாள், கைப்பையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள், என்னம்மா இது, தெனமும் இப்படிச் சொல்லுதியா, நீ மனுசிதானா என்று கேட்டாள், அழட்டும் என்றாள் வடிவு, எதுக்கு அழணும், அப்பா எழுவத்தொம்பது வயசு ஆளு, எல்லாம் மறந்து நிம்மதியா இருக்காவ என்றாள் மரகதம், அந்த நிம்மதிதான் எனக்கு ஆகல, பெத்த பிள்ளைக்கு அவிய இன்னும் அழல, ஒரு தடவையாவது தாளும் பேனாவும் இல்லாம அழட்டும் என்றாள் வடிவு, ஒரு தடவை அழுதாச்சுல்லா, அப்புறமும் எதுக்கு என்று மகள் கேட்டாள், அதற்கும் வடிவிடம் காரணம் இருந்தது, சொன்னால் மகளுக்குப் புரியாது, அழுகையின் உச்சியில், தாடை ஆடிக்கொண்டிருக்கும்போதே, அவர் வலதுகை விரல்கள் மூன்றும் கூடிப் போர்வைமேல் எழுதுவதுபோல நகர்கின்றன, முந்தாநாள் விம்மலுக்கு நடுவில் கேட்டார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்துது.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், மருந்துக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தார், தலையணையில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இதற்குமேல் தள்ளிப்போட்டால் கேட்க ஆள் இருக்காது என்று வடிவுக்குத் தோன்றிற்று, ஸ்டூலை இழுத்துப் போட்டாள், ஒண்ணு கேக்கணும், தள்ளிப் படு, இடம் காணலைன்னு பிள்ள சொன்னான்லா, அப்ப அவன் அம்மா என்ன செஞ்சா, தள்ளிப் படுத்தாளா, ஒங்களுக்குத்தான் தெரியும் என்றாள். அவர் அவள் பக்கம் திரும்பினார், கருங்குன்றமா கேக்கிய என்றார், ஆமா என்றாள், அவர் முதுகு நிமிர்ந்தது, குரல் தெளிந்தது, மேடைக்கு ஏறும் முன்னால் தொண்டையைச் செருமுவாரே, அப்படிச் செருமினார், சொல்லுதேன், யாருக்கிட்டயும் சொன்னதில்ல, அந்தப் பொம்பள தள்ளலம்மா என்றார். மழை பெய்துகொண்டிருந்தது. ராப்பகலா முழிச்சவ, தூக்கம் கண்ணக் கட்டிட்டு, சும்மா கெடலேன்னு ஒரு அதட்டு அதட்டிட்டு சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா, முழிச்சுப் பாக்கா, பிள்ள போயாச்சு, அதுதான் நடந்தது, அதை அப்படியே எழுதுனா படிக்கிறவன் அவளை வெறுத்துருவாம்லா, அந்த வெறுப்புல பிள்ளைக்கு அழ மறந்துருவான், அதான் தள்ளிப் படுக்க வச்சேன், கையில தூக்கிப் போட்டுக்கிட வச்சேன் என்றார். சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார், எப்படி இருக்கிறது என்று கேட்கிற பழைய பார்வை, நல்லா வந்துருக்குல்லா என்றார்.

அவளுக்கு அழுகை வந்தது, அவர் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார், இந்த இடத்துல எல்லாரும் அழுவாவ, நீங்க எந்த ஊரும்மா, புத்தகம் கொண்டாந்திருக்கியளா, கையெழுத்துப் போட்டுத் தாரேன் என்று கையை நீட்டினார், நீட்டிய கை காற்றில் நின்றது, வடிவு அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, நான் ஒங்க புத்தகத்தப் படிச்சதே இல்ல என்றாள். அவர் கை மெல்லக் கீழே வந்தது, மத்தவங்க என்று கேட்டார், யாரும் படிக்கிறதில்ல, கடையில கேட்டா திருமலைக்கொழுந்தா, அது யாருங்கான் என்றாள், கடுதாசி வருமே என்றார், ஒண்ணும் வரல என்றாள். அப்போது அவர் முகத்தில் ஒன்று நடந்தது, நம்பிக்காக அழுத எந்தக் காலையிலும் நடக்காதது, சத்தம் இல்லை, தாடை ஆடவில்லை, விரல்கள் நகரவில்லை, கன்னம் இரண்டும் சும்மா கீழே இறங்கி முகமே ஆளில்லாத வீடுபோல ஆயிற்று, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் நம்பியைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டாள், மரகதம் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள், அம்மா திருந்திட்டா என்று புருஷனிடம் சொன்னாள், மகள் இல்லாத நேரத்தில் அவர் கேட்பார், இன்னைக்குத் தபால் வந்துதா, இல்ல என்பாள் வடிவு, யாராவது பாக்க வந்தாவளா, யாரும் வரல என்பாள், வாசலில் வந்து நின்ற வாசகர்களிடம், அவிய தூங்குதாவ, இன்னொரு நாள் வாங்க என்று சொல்லி அனுப்பினாள், கஞ்சியை நேரத்துக்குக் கொடுத்தாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டாள், அவரும் அழவில்லை, சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது, ஒருநாள், நான் எழுதினேனா என்று மட்டும் கேட்டார், தெரியலையே என்றாள், தை பிறப்பதற்கு முன்னால் ஒரு காலையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்புறம் வந்தார்கள். தெரு கொள்ளவில்லை, பஸ்ஸில், வேனில், சைக்கிளில் வந்தார்கள், மந்திரி வந்தார், கையில் பழைய பதிப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிழவர்கள் வந்தார்கள், கல்லூரிப் பெண்கள் வரிசையில் நின்று தேம்பினார்கள், தாயே, சற்றுத் தள்ளிக்கொள் என்று யாரோ தொடங்க, எனக்கு இடம் போதவில்லை என்று தெருக்கோடி வரைக்கும் குரல் போயிற்று, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வடிவு அந்தக் கூட்டத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், இத்தனை பேரும் இருக்கிறார்கள் என்பது இந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியாது, அவர் தெரியாமலே போய்விட்டார், அதை அவள்தான் செய்தாள், அவளுக்கு அதில் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை, மரகதம் குனிந்து, யம்மா, இவ்வளவு பேரு அப்பாவப் படிச்சிருக்காவ பாத்தியா என்றாள், பாத்தேன் என்றாள்.

பதினாறு முடிந்த மறுவாரம் அந்த வாரப் பத்திரிகை அவருக்காக ஒரு சிறப்பிதழ் போட்டது, மரகதம் வாங்கிக்கொண்டு வந்தாள், அட்டையில் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படம், உள்ளே அந்த அத்தியாயத்தை முழுசாகப் போட்டிருந்தார்கள், நான் வேணா வாசிக்கட்டுமா, நீ கேட்டதே இல்லையே என்றாள் மகள், வேண்டாம் என்று சொல்லத்தான் வடிவு வாயைத் திறந்தாள், வாசி என்றாள். வெயில் கூடத்தில் கிடந்தது, மரகதம் வாசித்தாள், பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஏற்ற இறக்கத்தோடு, காய்ச்சல், ஈரத்துணி, ஜன்னல், இடது கை, இளவரசன் சொன்னான், மரகதம் மூச்சு வாங்கிக்கொண்டாள், ராணி தள்ளிப் படுத்தாள், மகனை இழுத்துத் தன் கைமேல் கிடத்திக்கொண்டாள், இப்போது இடம் இருக்கிறதா கண்ணே என்று கேட்டாள், இருக்கிறது அம்மா என்றான். இந்தக் கடைசி இரண்டு பேச்சும் ரேடியோவில் வந்ததில்லை, பாடத்தில் வந்ததில்லை, வெட்டியிருந்தார்கள், வடிவு அவற்றை இன்றுதான் கேட்கிறாள், அது பொய் என்று அவளுக்குத் தெரியும், எழுதியவரே அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், மேலே வாசிக்கட்டுமா என்று மரகதம் கேட்டாள், வேண்டாம், அந்த இடத்த மட்டும் இன்னொரு தடவை வாசி என்றாள் வடிவு, ஏம்மா என்று நிமிர்ந்த மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் வாசித்தாள், வடிவு ஒரு கையை நீட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள், இன்னொரு தடவை என்றாள், மரகதம் மறுபடியும் வாசித்தாள், ராணி தள்ளிப் படுத்தாள்.